எண்பது டிகிரி

ஒரு மணி நேரமாகியும் ஆறு மாத்திரைகளும் தண்ணீரில் முழுசாகவே கிடந்தன.

உடல் சூட்டில் வைத்த தண்ணீர். கால் மணி நேரத்தில் கரைந்திருக்க வேண்டியவை.

மருந்துக் கம்பெனியின் கெமிஸ்டான அவன் கருவியை நிறுத்தினான்.

வலிப்புக்கான மாத்திரை. மார்ச்சில் செய்தது. ஈரமான மருந்துக் குருணையை அறுபது டிகிரியில் மெதுவாக உலர்த்த வேண்டும். அன்று சரக்கேற்ற வாசலில் லாரி காத்து நின்றிருந்தது. மேனேஜர் புருஷோத்தமன் எண்பதில் வைக்கச் சொன்னார்.

குருணை மணல்போல இறுகி வந்தது.

தயாரிப்புத் தாளில் அறுபது என்று எழுதியவன் அவன்தான். கரையும் சோதனையைச் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

நாற்காலியின் விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வரதன். மாத்திரை அட்டையில் இருந்த கம்பெனி முகவரியைப் பார்த்துத் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. கழுவியிருந்தார்.

"எம் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு சார். ரெண்டு வருசமா வலிப்பே இல்ல. இந்த மூணு மாசத்துல நாலு வாட்டி வந்துடுச்சு."

பொட்டலத்தை நீட்டினார்.

"அவ கொல்லைக்குப் போன எடத்துல இது கெடந்துது. முழுங்காம அங்க போயி துப்பிட்டு வரான்னு பெல்ட்டால அடிச்சிட்டேன். முழுங்கினேன் முழுங்கினேன்னே சொல்றா. நீயே போயி கேளுப்பான்னு அவதான் சொன்னா."

வரதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முழுங்கின மாத்திரை முழுசா வெளிய வருமா சார்?"

"இவர்தான் எங்க கெமிஸ்ட்," என்றார் புருஷோத்தமன். "இவரையே கேளுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வரதன் அவன் பக்கம் திரும்பினார்.

"வராது," என்றான்.

குரல் நடுங்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வரதன் தலையசைத்தார். ஒரு பாரம் இறங்கியதுபோல மூச்சு விட்டார். பிறகு அவருடைய தாடை இறுகியது.

"ரொம்ப நன்றி சார். நாந்தான் தப்பு பண்ணிட்டேனோன்னு தூக்கமே இல்ல."

இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவன் ஜன்னலருகே வந்தான்.

கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். புருவத்தின் மேல் தையல்.

அப்பா வருவதைப் பார்த்ததும் எழுந்தாள்.

சிரித்துக்கொண்டே அவரிடம் ஓடினாள்.