இரண்டாவது ஊசி

ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு சினை எலிகள் இருந்தன. கருப்பையை அடக்கி வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஊசியை இரண்டுக்கும் போட்டார்கள். இளையதற்கு மட்டும் கூடவே ஈஸ்ட்ரோஜன் ஊசியும் போட்டார்கள்.

“உனக்கு ஒண்ணுதான், எனக்கு ரெண்டு. என் குட்டிங்க மேல அவங்களுக்கு அவ்வளவு அக்கறை, அக்கா!” என்று பீற்றிக்கொண்டே மரத்தூளைக் கூடாகக் குவித்தது இளையது.

அதன் வயிற்றுக்குள், “அசையாதே, குட்டிகள் தூங்கட்டும்” என்று முதல் மருந்து கருப்பையைத் தட்டிக்கொடுத்தது. “என்ன தூக்கம்? எல்லாரையும் வெளியே தள்ளு!” என்று இரண்டாவது மருந்து உலுக்கியது. கருப்பை இரண்டாவதின் பேச்சைக் கேட்டது.

காலையில் மரத்தூள் சிவந்திருந்தது. மூத்தது தன் வயிற்றை மறைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

இளையது கம்பியில் மூக்கை வைத்துக் கேட்டது: “ரெண்டு ஊசி பத்தலையோ, அக்கா?”