தம்பி மட்டும் கத்தியது

சவரிமுத்துவின் கன்னத்துச் செல் ஒன்றுக்குள் அண்ணனும் தம்பியுமாக இரண்டு மரபணுக்கள் காவல் இருந்தன. செல் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. அவர் வருஷக்கணக்காகக் கன்னத்துக்குள் அடக்கிவந்த புகையிலையின் சாறு அண்ணனை ஊமையாக்கிவிட்டது.

தம்பி தனியாகக் கத்தியது. "போதும், பெருகாதே!"

"உங்கண்ணனே வாயைத் திறக்கல. உனக்கென்ன வந்தது?" என்றது செல்.

"அண்ணே, நீயும் ஒரு வார்த்தை சொல்லுண்ணே."

கத்திக் கத்தித் தம்பிக்கும் தொண்டை கட்டிப்போனது. செல் பெருகிப் பெருகி, கன்னத்தில் வெள்ளைத் திட்டாகப் படர்ந்தது.

ஒருநாள் வாய்க்குள்ளே வெளிச்சம் விழுந்தது. "புற்றுநோயோட ஆரம்பம்தான். வெட்டி எடுத்துட்டாப் பிழைச்சுக்குவீங்க," என்றார் டாக்டர்.

செல்லோடு தானும் போகவேண்டும் என்று தம்பிக்குப் புரிந்தது. பேசாத அண்ணனை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.