மண்டபத்து அரச மரம்

முதல் கல் குத்தாலிங்கத்தின் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது நெற்றியிலேயே விழுந்தது.

ஏணியடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலே, மண்டபத்துக் கூரையில், அரச மரத்துக்குப் பக்கத்தில் ரம்பத்தோடு நின்ற பலவேசம், "ஓடிரும் அண்ணாச்சி!" என்று கத்தினான்.

எங்கே ஓட? சுற்றிலும் இருநூறு பேர். பட்டப்பகல்.

ஒருவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். இன்னொருவன் செவிட்டில் அறைந்தான். மூன்றாவது ஆள் யாரென்று பார்ப்பதற்குள் விலாவில் மிதி விழுந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். தென்காசியில் அவருடைய ஜெராக்ஸ் கடைக்கு வந்து போகிறவர்கள்தான்.

"தொட்டில் மரத்துலயா கை வைக்குத? கைய ஒடிச்சுப் போட்டுருவோம்லே!"

குற்றாலம் போகிற சாலையோரம் எழுநூறு வருஷமாக நிற்கிற கல்மண்டபம் அது. அதை இடித்து மனை போடப் பார்த்தான் ஒருவன். காப்பாற்றுங்கள் ஐயா என்று மூன்று வருஷம் அலைந்தவர் குத்தாலிங்கம். நோட்டீஸ் அடித்தார். சுரண்டை வரைக்கும் போய்க் கையெழுத்து வாங்கினார். கூட்டம் போட்டால் நாலு பேர் வந்தார்கள், அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். சனங்களுக்கு என்ன, வெறும் கல்தானே!

பிறகு ஒரு நாள், கூரையில் முளைத்திருந்த அரசங்கன்றில் யாரோ ஒரு மஞ்சள் துணித் தொட்டிலைக் கட்டினார்கள். அவ்வளவுதான். பிள்ளை வரம் கேட்டு ஊரே திரண்டது. சும்மா சொல்லக் கூடாது, மனை போட வந்தவனை ஓட ஓட விரட்டியது இதே கூட்டம்தான். ஆயிரம் கையெழுத்து செய்யாததை ஒரு முழத் துணி செய்தது.

அதோடு விட்டார்களா? ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுபோய் மரத்துக்கு ஊற்றினார்கள். செவ்வாய், வெள்ளி பால் வேறு. மரம் கொழுத்தது. வேர் உத்திரக் கல்லைப் பிளந்து மூன்று விரல் அகலத்துக்கு வெடிப்பு விட்டுவிட்டது. மரத்தை எடுக்காவிட்டால் மண்டபம் இந்தச் சாரல் மழையைத் தாங்காது என்று பார்க்க வந்த இன்ஜினீயர் கையை விரித்தார். அறுக்க ஒருத்தனும் வரவில்லை. பலவேசம் மட்டும்தான் குத்தாலிங்கத்தின் முகத்துக்காக வந்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசக்கிச்செல்வி வந்தாள். ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, இங்கே தொட்டில் கட்டிய பிறகு உண்டானவள். இப்போது ஏழு மாதம். கையில் அம்மிக்குழவி அளவுக்கு ஒரு கல். அதை அவர் தலைக்கு மேலே தூக்கினாள்.

"அடிக்காத தாயி! அந்த மொதத் தொட்டிலக் கெட்டுனதே நாந்தான். கூட்டம் சேரட்டும்னு எம் பொண்டாட்டி சேலையக் கிழிச்சுக் கெட்டுனேன். எல்லாம் பொய்!"

சத்தம் சட்டென்று நின்றது. அப்பாடா, சொல்லியாயிற்று.

இசக்கிச்செல்வி கல்லைக் கீழே போட்டாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல மண்டியிட்டாள்.

"அப்போ சாமி மொதல்ல எறங்குனது உங்க கையிலயா அண்ணாச்சி!"

யாரோ குலவையிட்டார்கள். ரத்தம் வழிகிற நெற்றியில் ஒரு கை திருநீற்றை அள்ளி அப்பியது. அடப்பாவிகளா, பொய் என்று இப்போதுதானே சொன்னார்! இன்னொரு தடவையும் சொன்னார். யார் காதில் விழுந்தது?

"சாமி எறங்குன ஆளு மனசக் கெடுத்தது அந்த ரம்பக்காரன்தாம்லே!" என்று ஒருவன் கூரையைக் காட்டினான்.

இருநூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நாலு பேர் ஏணியில் ஏறி, பலவேசத்தைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கல்தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அடி விழுகிற சத்தம்.

"அண்ணாச்சி! சொல்லும் அண்ணாச்சி!"

குத்தாலிங்கம் பதறி எழுந்து ஓடப் பார்த்தார். அவருடைய இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்தபடி பெண்கள் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.