ஞானப்பல்லுக்கு இடம் விட்ட கதை

வாயின் கோடியில் ஞானப்பல் முளைத்த நாளிலிருந்து பக்கத்துக் கடைவாய்ப்பல்லுக்கு நிம்மதி போயிற்று.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்று அது சாய்ந்துகொண்டே வந்தது.

“பத்து வருஷமா முறுக்குக் கடிக்கிறவன் நான். நேத்து வந்த உனக்கு இடமா? டாக்டர் வரட்டும், உன்னைப் பிடுங்க வைக்கிறேன் பார்!”

டாக்டரின் கம்பி உள்ளே நுழைந்து ஒவ்வொரு பல்லாகத் தட்டியது. ஞானப்பல் மூச்சு விடவில்லை. கடைவாய்ப்பல்லோ, கம்பி படும் முன்பே, “ஐயோ, இவனாலதான்!” என்று ஊரைக் கூட்டியது. வாய்க்குச் சொந்தக்காரர் நாற்காலியில் துள்ளினார்.

டாக்டருக்குப் புகார் கேட்கவில்லை. துள்ளல்தான் தெரிந்தது. துள்ள வைத்த பல்லையே பிடுங்கிவிட்டார்.

காலியான இடத்தில் ஞானப்பல் நன்றாகக் காலை நீட்டிப் படுத்தது. சில மாதத்தில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த பல்லின் தோளிலும் சாய்ந்து, “வலிக்குதா அண்ணே?” என்றது.

“சேச்சே, சுகமா இருக்கு” என்றது அந்தப் பல், ஆடிக்கொண்டே.