கும்பிடு நேரம்

அலாரத்தை நிறுத்தியது நான்தான். ஒரு கையில் பிளேன்டீ, மறு கையில் மீன் வைத்த மாலு பணிஸ். நிறுத்தியது முழங்கையால்.

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பாதுகாப்பு அறையில் உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம். மலையில் ரோந்து போகிற மூன்று பேருக்கும் இடுப்பில் ஆளுக்கொரு ரேடியோ. டிஜிட்டல். மரம் திருட வந்தவர்கள் போன வருடம் ஒரு காவல்காரரைக் கட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு வாங்கியது.

ஆள் விழுந்து, ரேடியோ ஒரு நிமிடம் அசையாமல் படுத்துக் கிடந்தால், என் மேசையில் நம்பரைக் காட்டிக் கத்தும். என்னைவிடப் புத்திசாலி.

ஆனால் அதற்கு முனியாண்டியைத் தெரியாது.

மேல்மலையில் முனிக் கல் இருக்கிறது. தோல் பெல்ட்டோடு அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை. கழற்றி, ரேடியோவோடு சேர்த்துப் புல்லில் வைத்துவிட்டுத்தான் கும்பிடுவார்கள். அதனால் மேல்மலைக்குப் போகிற ரமேஸின் மூன்றாம் நம்பர் தினமும் பத்தரைக்குக் கத்தும்.

முதல் நாள் செருப்புக்கூடப் போடாமல் மலையேறி ஓடினேன். ரமேஸ் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். எனக்கும் திருநீறு கொடுத்தார்.

அப்புறம் ஓடுவதில்லை.

நேற்றும் பத்தரைக்குக் கத்தியது. நிறுத்தினேன். திரும்பவும் கத்தியது. நிறுத்தினேன். இன்றைக்கு முனியிடம் பெரிய லிஸ்ட்டே கொடுக்கிறார் போல என்று தோட்டத்துக் கிளாக்கரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாம் தடவை தொந்தரவாக இருக்கக் கூடாது என்று சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

குளவி.

கொழுந்தெடுக்கிற பெண்கள் விழுந்து கிடந்தவரைக் கண்டபோது பதினொன்று பத்து.

இப்போது பதுளை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவர் இன்னும் கண் திறக்கவில்லை. வீங்கிப்போன முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

என் மேல் தப்பா என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுவிட்டேன். மேனேஜர் தொரை, மெஷினில் செட்டிங் சரியில்லை என்றார். கிளாக்கர், யாராக இருந்தாலும் கும்பிடுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள் என்றார். நாற்பது நிமிடம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் இழுத்தேன். அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். என் மனைவி சுபாஜினி சோறு கட்டிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். என்ன கறி என்று கேட்டால் தெரியாது.

வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி முஹ்ஸினா வந்தார். கையில் ஒரு பொலிதீன் பை. அதற்குள் அவருடைய சட்டையும், இடுப்பிலிருந்து நர்ஸ் வெட்டி எடுத்த பெல்ட்டும்.

எழுந்து நின்றேன். கும்பிடுகிறார் என்று நினைத்துவிட்டேன் தங்கச்சி, என் மேல் தப்பா என்று அவரிடமும் கேட்டேன்.

முஹ்ஸினா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஓம் அண்ணன், தப்புத்தான். ரமேஸ் லீவு எண்டு நீங்கதானே காலையில அந்த ரேடியோவ இவர்ட கையில குடுத்தீங்க. எங்கட ஆள் என்னத்துக்கு முனிக்குப் பெல்ட்டக் கழட்டப் போறார்?"