அறுபது ரோல்ஸ்

"எந்த மடையன் இதை எழுதினவன்? ஊருக்கு முன்னால என்னை விசரனாக்கவெண்டே எழுதியிருக்கிறான். ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும்!"

குகதாசன் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

கையில் இருந்தது ஊர்ப் பத்திரிகை. சுவிஸில் லாங்கன்தால் நகருக்குப் பக்கத்தில் அவர் குடியிருக்கும் சின்னக் கிராமத்தில், இரண்டு கிழமைக்கு ஒருமுறை எல்லாத் தபால்பெட்டிக்குள்ளும் வந்து விழும் எட்டுப் பக்கத் தாள். குப்பை எடுக்கும் நாள், பாட்டுக்குழுவின் ஒத்திகை, காணாமல்போன பூனை. குகதாசன் அதை வாசிப்பதில்லை. சந்தையில் விற்கக் கொண்டுபோகும் மரக்கறிப் பெட்டிக்கு அடியில் விரிப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய தாளை விரிக்கும்போதுதான் தன் பெயர் கண்ணில் பட்டது.

'ஓகஸ்ட் முதலாம் திகதி தேசிய தின விழாவுக்கு அறுபது ரோல்ஸ் செய்து தந்த திரு. குகதாசனுக்கு நன்றி.'

"அறுபது ரோல்ஸ்! நான் ஒரு முட்டை அவிச்சுக் கண்டிருக்கிறியே?"

"இல்லை," என்றாள் மனைவி புனிதவதி, சிந்திய தேத்தண்ணியைத் துடைத்தபடி.

"அப்ப இதென்ன?"

"அச்சுப்பிழையாக்கும்."

"அச்சுப்பிழையில அறுபது ரோல்ஸ் வருமோ?"

பழைய தாள்களைக் கிளறினார். இன்னும் இரண்டு அகப்பட்டன. முதியோர் மதிய உணவுக்குக் கட்லட் தந்த திரு. குகதாசனுக்கு நன்றி. சூப் நாளுக்கு ஒரு கிடாரம் பருப்புச் சூப் தந்த திரு. குகதாசனுக்கு நன்றி.

இப்போதுதான் விளங்கியது. பதினாறு வருஷம் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாத பக்கத்து வீட்டுக்காரன் போன மாதம் இவரைக் கண்டு வயிற்றைத் தடவிக் காட்டினானே! தபால்காரப் பெண் கட்லட்டுக்குள் என்ன போடுவது என்று கேட்டாளே! நக்கல் என்று நினைத்து இரண்டு பேர் மீதும் பாய்ந்துவிட்டார்.

"விளங்குதே உனக்கு? வாற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் குடியுரிமைக் குழு என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கு. நானே காசு குடுத்துப் பொய் எழுதுவிச்சன் எண்டு நினைக்கப் போறாங்கள். என்ர பாஸ்போட் போச்சு!"

போன வருஷமே அது ஒருமுறை போனதுதான். ஊர் விழாக்களில் கலந்துகொள்கிறீர்களா என்று குழு கேட்டது. "விடிய நாலு மணிக்குச் சந்தைக்குப் போறவனுக்கு விழாவோ? உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்டுவிட்டார். ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். தக்காளிப் பெட்டிக்குப் பேரம் பேசுவதுபோல, ஆறு மாதமாகக் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் நின்றும் பார்த்தார். சரிவரவில்லை.

"இப்பவே போய் அந்தப் பத்திரிகைக்காரியைக் கேக்கிறன்."

"ஞாயிற்றுக்கிழமையப்பா. போகாதேங்கோ."

போனார். ஞாயிற்றுக்கிழமை சுவிஸ்காரர் வீட்டு மணியை அடிப்பது குற்றத்துக்குச் சமன் என்பது அவருக்கும் தெரியும். மூன்று தரம் அடித்தார்.

பத்திரிகையை நடத்துபவர் ஃப்ராவ் ரீசர், ஓய்வுபெற்ற ஆசிரியை. குகதாசனுக்குக் கோபம் வந்தால்தான் ஜெர்மன் தடங்கலில்லாமல் வரும். அன்றைக்கு ஆறாக ஓடியது.

அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நன்றி சொன்னதற்கா கோபம்?" என்றார்.

"நான் செய்யாததுக்கு ஏன் நன்றி?"

"ஒவ்வொரு தட்டிலும் உங்கள் பெயர் ஒட்டியிருந்ததே. கொண்டுவந்து தந்தது உங்கள் மனைவி. அவர் பெயரையும் போடட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். வேண்டாம், எல்லாம் கணவர் செய்தது, அவருக்குக் கூச்சம், அதுதான் வரவில்லை என்றார்."

"எனக்கோ? கூச்சமோ?"

"எனக்கும் இப்போதுதான் சந்தேகம் வருகிறது," என்றார் ஃப்ராவ் ரீசர். "குடியுரிமைக் குழுத் தலைவர் ஆறு ரோல்ஸ் சாப்பிட்டார். உங்களைப் பற்றி நல்லதாக எழுதப்போகிறாராம்."

வீட்டுக்கு வந்தபோது புனிதவதி அதே மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப செய்தனீ?"

"நீங்கள் சந்தைக்கு வெளிக்கிட்டாப் பிறகுதான். நான் வேலைக்குப் போக ஏழரை ஆகுமே."

"உன்ர பேரைச் சொன்னால் வாய் நோகுமோ?"

"குழுவில எனக்குப் போன வருஷமே ஓம் எண்டு சொல்லிப்போட்டினம். பேர் உங்களுக்குத்தானே தேவை."

"ஓம் எண்டவுடனை உன்ர பாஸ்போட்டை நீ எடுத்திருக்கலாமே. ஏன் நிப்பாட்டி வைச்சனீ?"

"எடுத்துப்போட்டு? ஊருக்குப் போய் வரேக்க ஏர்போட்டில நீங்கள் ஒரு வரிசையில, நான் ஒரு வரிசையில நிக்கிறதோ?"

குகதாசன் போனை எடுத்தார்.

"ஆருக்கு அடிக்கிறியள்? ஐயோ வையுங்கோ! இன்னும் ஒன்பது நாள்தான். கொஞ்சம் பேசாமல் இருந்தால் கையில வந்திடும்!"

அவர் கேட்கவில்லை. மறுமுனையில் குரல் வந்ததும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினார்:

"ஃப்ராவ் ரீசர், குகதாசன் கதைக்கிறன். எனக்கு ரோல்ஸ் சுத்தத் தெரியாது. எல்லாம் செய்தது என்ர மனுசி. பேர் புனிதவதி, எழுதுங்கோ. குழு கூடுறதுக்கு முதல், இந்த வெள்ளிக்கிழமைத் தாளில வரவேணும். மூண்டு தரம் பிழையாப் போட்டனீங்கள், இனியாவது ஒருக்காச் சரியாப் போடுங்கோ!"