இரட்டைப் பூட்டு

“நாளைக்குக் காலையில உங்களுக்குக் காய்ச்சல், நோரீன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் இறங்கும். நான் கேட்கிறது அவ்வளவுதான்” என்றான் கிராடி.

நோரீன் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். கிராடி கட்சியின் மாவட்டத் தலைவன். அவளுடைய கட்சிதான். மறுநாள் ஜனாதிபதி தேர்தல்.

“பதினோரு வருஷமா இங்க உட்கார்ந்திருக்கேன். ஒரு தும்மலுக்குக்கூட லீவு போட்டதில்ல, தம்பி.”

டன்மோர் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் கோடியில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. ஓட்டுச் சீட்டுகள் அதற்குப் பின்னால். கதவில் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி கட்சி சார்பில் அங்கே வேலை பார்த்த நோரீனிடம், இன்னொன்று எதிர்க்கட்சி சார்பில் வந்த வென்டலிடம். இரண்டு கட்சியும் சேர்ந்து நின்றால்தான் கதவைத் திறக்கலாம் என்பது சட்டம்.

ஒருவரை ஒருவர் நம்பாதவர்களுக்காகவே செய்த ஏற்பாட்டுக்கு அந்த இருவரும் கச்சிதமாகப் பொருந்தினார்கள். சாயங்காலம் கதவைப் பூட்டியதும் அவள் அவருடைய பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அவர் அவளுடையதை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அவள் சுட்டுக் கொண்டுவரும் ஆப்பிள் கேக்கை அவர் தொட்டதே இல்லை. “உங்க கட்சி வாக்குறுதி மாதிரிதான் இருக்கும் அம்மணி, வாசனையோட சரி” என்பார். “உங்க ஆளு ஜெயிச்சா அந்த வாசனைக்கும் வரி போடுவான்” என்பாள் இவள்.

இப்போதும் வென்டல் எதிர் மேஜையில் உட்கார்ந்து காகிதக் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் இங்கே இருந்தது.

“மத்த இடத்துச் சீட்டெல்லாம் போயாச்சு” என்றான் கிராடி. “கிழக்குத் தெருவுக்குப் போறதுதான் பாக்கி. நாளைக்கு விடிகாலையில ஏத்தணும். அங்க பூரா அவனுங்க ஓட்டு. கண்ணாடித் தொழிற்சாலை ஆளுங்க ஆறரைக்கு ஓட்டுப் போட்டுட்டு ஷிஃப்டுக்கு ஓடுவாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது சாவடி மூடியிருக்கும். நீங்க வரலன்னா கதவை உடைக்க நீதிபதி உத்தரவு வேணும். அதுக்கே மத்தியானம் ஆயிடும். அறுநூறு ஓட்டு, நோரீன்.”

நோரீனுக்கு ரத்தம் கொதித்தது.

“நம்ம ஆளு ஜெயிக்கணும்னு ரெண்டு மாசமா வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டுறேன். என் முட்டியைக் கேட்டுப் பாரு, அது சொல்லும். ஆனா அந்த அறுநூறு பேரும் ஓட்டுப் போடணும். அதை நான் எண்ணணும். அப்புறம் அவங்க தோக்கணும். அப்பதான் அது ஜெயம்.”

“உங்களை இந்த நாற்காலியில உட்கார வெச்சது கட்சி. சாவியும் கட்சியோடது. குடுங்க.”

கையை நீட்டினான். விதிப்படி அவன் கேட்டால் கொடுத்தாக வேண்டியதுதான். எதிர் மேஜையில் கயிறு கட்டும் சத்தம் நின்றுவிட்டது.

நோரீன் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி மேஜை மேல் போட்டாள்.

“சாவி உன்னுது, எடுத்துக்கோ. வேலை டிசம்பர் வரைக்கும் என்னுது. காலையில அஞ்சு மணிக்கு இந்தக் கதவு முன்னாடி நிப்பேன். கதவு திறக்கும்.”

“எதை வெச்சு?”

“வந்து பாரு.”

கிராடி சிரித்தான். “சாவி தொலைஞ்சு போச்சுன்னு நான் சொல்லிக்குவேன். உங்களுக்குச் சாட்சி யாரு? இந்த எதிர்க்கட்சிக்காரனா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

நோரீன் வீராப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கதவு திறக்க வேண்டுமானால் வென்டலிடம் அவள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருஷமாக மென்று முழுங்கி வைத்திருந்த விஷயம். சொன்னால் இந்த மனுஷன் ஜென்மத்துக்கும் தன்னை நம்பமாட்டார். சொல்லாவிட்டால் அறுநூறு பேர் ஓட்டுப் போடாமலே திரும்பிப் போவார்கள்.

“வென்டல், ஒரு நிமிஷம்...”

“காலையில பேசிக்கலாம், அம்மணி.” அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பூட்டைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

காலை ஐந்து மணி. வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. கிராடி வேடிக்கை பார்க்கவென்றே காபிக் கோப்பையுடன் வந்து சுவரில் சாய்ந்திருந்தான்.

வென்டல் தன் பூட்டைத் திறந்தார்.

“ஒண்ணு சொல்லணும்” என்றாள் நோரீன். “கேட்டுட்டு என்ன வேணா நினைச்சுக்குங்க.”

அவர் காதில் வாங்கவில்லை. தன் பூட்டிலிருந்து சாவியை உருவினார். அவளுடைய பூட்டில் நுழைத்துத் திருப்பினார். திறந்துகொண்டது.

கிராடியின் கோப்பையிலிருந்து காபி சட்டையில் கொட்டியது.

“ஒரே அட்டையில வந்த ஜோடிப் பூட்டு. விலை கம்மின்னு வாங்கி மாட்டியிருக்காங்க. ரெண்டுக்கும் ஒரே சாவி” என்றார் வென்டல்.

“அப்ப பதினோரு வருஷமா நீங்க நினைச்சா தனியாவே உள்ள போயிருக்கலாமா?” கிராடிக்கு நாக்குக் குழறியது.

வென்டல் நோரீனைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. “சேர்ந்த முதல் வாரமே தெரியும், அம்மணி. தெரியாம என் சாவியை உங்க பூட்டுல மாத்தி நுழைச்சுட்டேன். ஆனா ஒரு தடவைகூட தனியாத் திறந்ததில்ல. நீங்க நம்பமாட்டீங்கன்னுதான் வாயைத் திறக்கல. சரி, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“இதைத்தான்” என்றாள் நோரீன். “நானும் முதல் வாரமே மாத்தி நுழைச்சுட்டேன்.”